621 வாக்குகள்: மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் நின்ற தேர்தல்

1964 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்வதற்கான முதற்கட்டத் தேர்தல் நடைபெற்றது. அம்மாநிலத்தின் இரண்டாவது தொகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குச் செல்லப் போட்டியிட்ட இருவரின் வாக்குகள் ஏட்டில் இவ்வாறு பதிவாகியுள்ளன: ஜேமி விட்டன் 35,218, ஃபேனி லூ ஹேமர் 621. ஐந்து மாதங்கள் கழித்து, அதே தொகுதியில், அதே இருவரின் பெயர்களையும் தாங்கிய வாக்குச்சீட்டைக் கொண்டு மற்றொரு வாக்கெடுப்பு நிகழ்ந்தது. அதில் ஹேமர் பெற்றவை 33,009. விட்டன் பெற்றவை 59. முன்னது மாநிலச் சட்டப்படி நடந்தது. பின்னதை வாக்குரிமை மறுக்கப்பட்ட மக்கள் தாமே நடத்திக்கொண்டனர். இவ்விரு கணக்குகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் ஒரு வழக்காகவே வைத்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

ஹேமர் அம்மையாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர் பட்ட துன்பங்களையே விரித்துரைக்கின்றனர். சிறையில் வாங்கிய அடி, அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் அவர் அளித்த கண்ணீர் வரவழைக்கும் சாட்சியம், அவருடைய கணீரென்ற பாட்டு ஆகியவை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றன. அவர் ஒரு வேட்பாளர் என்பதோ, தொகுதியின் பொருளாதாரத்தை அறிந்து அதைப் பற்றிப் பேசிய அரசியல்வாதி என்பதோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. துன்புற்றவராகப் போற்றுவது எளிது. ஆட்சியில் பங்கு கேட்டவராக ஏற்றுக்கொள்வது அத்துணை எளிதன்று போலும்.

1917 அக்டோபர் 6 அன்று, குத்தகை உழவர் குடும்பமொன்றின் இருபது பிள்ளைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. மணமான பின் சன்ஃபிளவர் மாவட்டத்தின் ரூல்வில் ஊருக்கு அருகிலிருந்த பண்ணையொன்றில் கணவருடன் வாழ்ந்து, கூலியாட்களின் வேலை நேரத்தைக் குறித்துவைக்கும் பொறுப்பைப் பார்த்துவந்தார். தமக்கு வாக்குரிமை என ஒன்று உண்டு என்பதையே 1962 ஆகஸ்டில்தான் அவர் அறிந்தார். மாணவர் அறப்போராட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் ரூல்வில் தேவாலயத்தில் நடத்திய கூட்டத்தில் அச்செய்தி அவர் காதில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 44.

அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று பதினெண்மர் ஒரு பேருந்தில் ஏறி மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவுக்குச் சென்றனர். கறுப்பின மக்களின் உரிமைகளைத் தடுப்பதற்கென்றே தோன்றிய வெள்ளையர் குடிமக்கள் மன்றம் 1954 இல் உருவெடுத்த ஊர் அது. செனட்டின் நீதிக் குழுத் தலைவராய் இருந்து குடியுரிமை மசோதாக்களை முடக்கிவந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பெரும் பண்ணையும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. பதிவுப் படிவம் எளிய தாளன்று. விண்ணப்பிப்பவர் எங்கு, யாரிடம் வேலை செய்கிறார் என அது கேட்டது. அவ்விடை பண்ணையாருக்குப் போய்ச் சேர்வதற்கு நெடுநேரம் ஆகாது. அடுத்து, மாநில அரசமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவை எழுதி, பதிவாளர் மனம் ஒப்பும்படி அதற்கு விளக்கம் தரவேண்டும். ஹேமருக்குக் கொடுக்கப்பட்டது ‘டி ஃபாக்டோ’ சட்டங்கள் பற்றிய பகுதி. அவர் தேறவில்லை. திரும்பும் வழியில் காவலர் பேருந்தை மறித்து, வண்டியின் மஞ்சள் நிறம் அளவுக்கு மீறி இருக்கிறதென்று ஓட்டுநருக்கு அபராதம் விதித்தனர்! பண்ணைக்கு வந்ததும், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார் பண்ணையார். உங்களுக்காக நான் பதியச் செல்லவில்லை, எனக்காகவே சென்றேன் என்று விடையிறுத்துவிட்டு, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த இடத்திலிருந்து அன்றிரவே அம்மையார் வெளியேறினார். பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டின்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன.

1963 ஜனவரியில் தேர்வில் தேறிப் பதிவு பெற்றார். ஆயினும் தலைவரி கட்டிய இரண்டாண்டு ரசீதுகள் இல்லையென்று வாக்களிக்க விடவில்லை. அவ்வாண்டு ஜூன் 9 அன்று, பயிற்சி வகுப்பொன்றிலிருந்து திரும்பும்போது வினோனா என்னும் ஊரில் கைது செய்யப்பட்டார். அங்கே காவலர்கள், சிறையிலிருந்த கறுப்பினக் கைதிகள் இருவரையே ஏவி அவரை அடிக்கச் செய்தனர். சிறுநீரகத்திலும் ஒரு கண்ணிலும் அவருக்கு ஏற்பட்ட ஊறு வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட காவல் அலுவலரை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவ்வாண்டு டிசம்பரிலேயே விடுவித்தது. இவற்றுக்கெல்லாம் பின்னர், நான்கே மாதங்களுக்குள், அவர் தேர்தலில் நிற்க முன்வந்தார்.

எதிரில் நின்றவர் யார் என்பதைச் சற்றே விரிவாகப் பார்க்கவேண்டும். ஜேமி விட்டன் 1941 நவம்பர் முதல் சபையில் இருந்தவர். வேளாண்மைத் துறைக்கு நிதி ஒதுக்கும் துணைக்குழுவின் தலைமை 1949 இல் அவர் கைக்கு வந்தது. அமைச்சர்கள் வருவர், போவர். விட்டனே நிரந்தர வேளாண் அமைச்சர் என்று தலைநகரில் பேசிக்கொண்டனர். பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநில உறுப்பினர்கள் 1956 இல் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டிருந்தார். 1960 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் விளைவாக மிசிசிப்பி ஓர் இடத்தை இழந்தபோது, டெல்டா எனப்படும் பருத்திச் சமவெளி அவருடைய தொகுதியோடு இணைக்கப்பட்டது. மிதவாதியாகக் கருதப்பட்ட டெல்டா உறுப்பினர் ஃபிராங்க் ஸ்மித்தை 1962 முதற்கட்டத் தேர்தலில் அவர் வீழ்த்தினார். ஆக, கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த நிலப்பகுதி முழுவதற்கும் அவர் பிரதிநிதி. அம்மக்களின் வாக்கு ஒன்றுகூட அவருக்குத் தேவைப்படவில்லை.

ஹேமரின் பிரசாரம் இந்த இடத்தைத்தான் தொட்டது. பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் வயலில் இறங்கிக் கூலிகளின் கைவேலையைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. டெல்டாவில் 2,400 பேருக்கு டிராக்டர் ஓட்டப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை விட்டன் கெடுத்தார் என்றும், அப்பயிற்சியால் பயன் பெற இருந்தவர்களில் 600 பேர் வெள்ளையர் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். இக்குற்றச்சாட்டின் நுட்பம் கருதத்தக்கது. உங்கள் உறுப்பினர் எங்களை மட்டும் கெடுக்கவில்லை, உங்கள் ஏழைகளையும் சேர்த்தே கெடுக்கிறார் என்று வெள்ளையரை நோக்கி அவர் பேசினார். 1962-63 குளிர்காலத்தில் லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம் நடுவண் அரசின் இலவச உணவுப் பொருள் வழங்கலை நிறுத்தி, 20,000-க்கும் மேற்பட்டோரைப் பட்டினி வாயிலில் நிறுத்திய நினைவு அத்தொகுதியில் மாறாமல் இருந்தது. உணவும் வேலையும் வாக்கும் ஒரே சரட்டில் கோக்கப்பட்டவை என்பதை அவர் எந்த நூலிலும் படித்து அறிந்தவரல்லர்.

வெல்வோம் என்ற எண்ணம் அவருக்கோ அவருடைய தோழர்களுக்கோ இருந்ததா? இல்லை என்றே சொல்லவேண்டும். மாநிலம் முழுவதிலும் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் பதிவு பெற்றோர் நூற்றுக்கு 6.7 என்ற அளவிலேயே இருந்தனர். செனட்டுக்கு ஜான் ஸ்டென்னிஸை எதிர்த்து விக்டோரியா கிரே அம்மையாரும், வேறு இரு தொகுதிகளில் ஜேம்ஸ் ஹூஸ்டன், ஜான் கேமரன் ஆகியோரும் அதே தேர்தலில் நின்றனர், எவரும் வெல்லவில்லை. ஆனால் வேட்பாளர் என்ற தகுதி ஒரு வாசலைத் திறந்தது. ஊர்வலம் போனால் கைதாகும் மக்கள், தேர்தல் கூட்டம் என்ற பெயரில் கூடினர். தங்களில் ஒருத்தி, பருத்தி எடுத்தவள், சபைக்கு நிற்கிறாள் என்பதைக் கண்ணாரக் கண்டனர். கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரியை ஒழித்த 24 ஆம் அரசமைப்புத் திருத்தம் அவ்வாண்டு ஜனவரியில்தான் நிறைவேறியிருந்தது. ஹேமர் தம் வாழ்வில் முதன்முதலாக அளித்த வாக்கு, தமக்கே அளித்த வாக்காயிற்று. பின்னாளில் பெருமிதம் கலந்த நகைச்சுவையோடு அதை அவர் சொல்வதுண்டு.

ஏப்ரல் 26 அன்று மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தோன்றியிருந்தது. ஜூன் 21 இல் மூன்று இளந்தொண்டர்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், கட்சி மாநாட்டின் தகுதிச் சான்றுக் குழுவின் முன் ஹேமர் பேசினார். தொலைக்காட்சிகளின் பார்வையைத் திருப்ப ஜனாதிபதி ஜான்சன் திடீரென்று செய்தியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டியதும், அன்றிரவு அச்சாட்சியம் நாடெங்கும் ஒளிபரப்பானதும் பலரும் அறிந்தவை. 68 பேராளர்களுக்கு ஈடாக இரண்டே இடங்கள் தருவதாகச் சொன்ன சமரசத்தை அவர்கள் ஏற்கவில்லை.

இரு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட அந்நாட்களில் அவர் மேற்கொண்ட பயணம் ஒன்று நம் வாசகர்களுக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. செப்டம்பரில் மாணவர் குழுவின் தூதுக்குழுவோடு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடான கினிக்கு அவர் சென்றார். விடுதலை பெற்று ஆறாண்டுகளே ஆன நாடு அது. விமானம் ஓட்டுவோர், வங்கியில் இருப்போர், ஆட்சி நடத்துவோர் அனைவரும் கறுப்பினத்தவராய் இருக்கக் கண்டது அவரை வெகுவாக அசைத்தது. ஜனாதிபதி சேகு தூரே தாமே அவர்களை நாடி வந்து சந்தித்தார். சொந்த நாட்டு ஜனாதிபதி தம் குரலை மறைக்க முயன்ற சில வாரங்களுக்குள் நிகழ்ந்தது இது.

அவ்வாண்டு வசந்தத்தில் ஹஜ்ஜை நிறைவேற்றி, ஆப்பிரிக்க நாடுகளில் நெடும்பயணம் செய்து திரும்பியிருந்த மால்கம் எக்ஸ், அதாவது அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ், டிசம்பர் 20 அன்று நியூயார்க் ஹார்லமில் ஒரு தேவாலயத்தில் ஹேமரோடு ஒரே மேடையில் பேசினார். மிசிசிப்பிக் கட்சிக்கு ஆதரவு திரட்டும் கூட்டம் அது. சலித்துச் சலித்தே சலித்துப்போனேன் என்னும் பொருள்பட ஹேமர் சொன்ன புகழ்பெற்ற வாசகம் அங்குதான் ஒலித்தது. வினோனாவில் நடந்ததைக் கேட்ட மால்கம், தம் பெண்கள் இவ்வாறு அடிபடும்போது எதுவும் செய்யாத ஆண்கள் தம்மை ஆண்கள் என்று சொல்லிக்கொள்ளத் தகுமா என்று வெகுண்டார். அன்றிரவே தம் அமைப்பின் கூட்டத்துக்கும் அம்மையாரை அழைத்துச் சென்று பேசச் செய்தார். வழிமுறையில் இருவரும் ஒன்றுபட்டவரல்லர். ஹேமர் கிறிஸ்தவ இறைப்பற்று ஆழ்ந்தவர். வெறுப்புக்குத் தம் உள்ளத்தில் இடமளிக்க மறுத்தவர். ஆனால் வாக்குச்சீட்டு மறுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி எனச் சபையில் அமர்ந்திருப்பவர் அங்கே சட்டப்படி அமரவில்லை என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. மால்கம் அவ்வாண்டு முழுவதும் மேடைதோறும் வலியுறுத்திய செய்தியும் அதுவே. அடுத்த பிப்ரவரி 21 இல் அவர் கொல்லப்பட்டார்.

இனி வழக்குக்கு வருவோம். முதற்கட்டத்தில் தோற்றபின், நவம்பர் பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நிற்க ஹேமரும் தோழர்களும் முயன்றனர். மாநிலத் தேர்தல் ஆணையம் அவர்கள் பெயர்களைச் சீட்டில் ஏற்ற மறுத்தது. எனவே அக்டோபர் 30 முதல் நவம்பர் 2 வரை ‘சுதந்திர வாக்கெடுப்பு’ நடத்தப்பட்டது. தேவாலயங்களிலும் கடைகளிலும் பெட்டிகள் வைக்கப்பட்டன. பதிவு பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி வயது வந்தோர் வாக்களித்தனர். முதலில் நாம் கண்ட 33,009 இதில் கிடைத்ததே. இவ்வெண்ணை மிகைப்படுத்தக் கூடாது. விட்டனின் ஆதரவாளர்கள் இதில் கலந்துகொள்ளவில்லை. 59 என்பது அவருடைய செல்வாக்கின் அளவன்று. ஆனால் கறுப்பின மக்களுக்கு வாக்களிப்பதில் விருப்பமில்லை, அவர்கள் நிறைவோடு இருக்கிறார்கள் என்று எழுபதாண்டுகளாக மிசிசிப்பி சொல்லிவந்த வாதம் இவ்வெண்ணின் முன் நிற்கவில்லை. வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம் என்றறிந்தும் ஒரே தொகுதியில் முப்பத்து மூவாயிரம் பேர் வந்து சீட்டிட்டிருக்கின்றனர்.

டிசம்பர் 4 அன்று ஹேமர், விக்டோரியா கிரே, ஆனி டிவைன் ஆகிய மூவரும், மிசிசிப்பியின் ஐந்து உறுப்பினர்களின் தேர்வும் செல்லாது என்று சபைச் செயலரிடம் மனு அளித்தனர். அவர்களின் வழக்கறிஞர்கள் பழைய ஏடுகளைப் புரட்டிக் கண்டெடுத்த ஆதாரம் வியப்பூட்டுவது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870 பிப்ரவரியில், மிசிசிப்பியை மீண்டும் நாடாளுமன்றத்தில் சேர்த்துக்கொண்ட சட்டம் ஒரு நிபந்தனை விதித்திருந்தது: அப்போது வாக்குரிமை பெற்றிருந்த எந்த வகுப்பினரிடமிருந்தும் அதைப் பறிக்கும் வகையில் மாநில அரசமைப்பு ஒருநாளும் மாற்றப்படலாகாது. 1890 இல் மிசிசிப்பி எழுதிக்கொண்ட புதிய அரசமைப்பு, எழுத்தறிவுச் சோதனையும் தலைவரியும் கொண்டு அதையேதான் செய்தது. நுழைந்த நிபந்தனையை முறித்தவருக்கு இருக்கை ஏது என்பதே மனுவின் வாதம். மேலும், ஓர் உறுப்பினரின் தேர்வைச் சீர்தூக்கும் அதிகாரம் அரசமைப்புப்படி அந்தந்த அவைக்கே உரியது; எந்த நீதிமன்றத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இதே சபை 1882 இல், ஆயிரக்கணக்கான வாக்குச்சீட்டுகளை அற்பக் காரணம் காட்டி ஒதுக்கி வெற்றி பெற்றிருந்த மிசிசிப்பி உறுப்பினர் சால்மர்ஸை நீக்கிவிட்டு, அடிமையாகப் பிறந்த ஜான் லிஞ்சை அவ்விடத்தில் அமர்த்தியிருக்கிறது. முன்னுதாரணம் இல்லாத கோரிக்கையை ஹேமர் எழுப்பவில்லை.

1965 ஜனவரி 4 அன்று புதிய சபை கூடியது. உறுப்பினர்கள் அவைக்குச் செல்லும் நிலவறை வழியில், மிசிசிப்பியிலிருந்து பேருந்துகளில் வந்த நூற்றுக்கணக்கான கறுப்பின உழவர்களும் கூலிகளும் சுவரோரம் வரிசையாக, வாய் திறவாமல் நின்றனர். உள்ளே நியூயார்க் உறுப்பினர் வில்லியம் ஃபிட்ஸ் ரயன் எழுந்து, மிசிசிப்பி உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம் செய்வதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். வாக்கெடுப்பில் அவர்களை ஏற்கும் பக்கம் 276 பேரும் எதிர்ப்பக்கம் 149 பேரும் இருந்தனர். பிரமாணம் நடந்தது, மனு நிலுவையில் நின்றது. ஒரு பண்ணைக் கூலியின் முறையீட்டுக்காக 149 உறுப்பினர்கள் ஒரு மாநிலத்தின் பிரதிநிதிகள் அனைவரையும் வாசலில் நிறுத்தத் துணிவார்கள் என்று அன்றைய தலைநகரில் எவரும் எதிர்பார்க்கவில்லை.

தேர்தல் தகராறுச் சட்டம் மனுதாரருக்குச் சாட்சியம் திரட்டும் உரிமையைக் கொடுத்திருந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த வழக்கறிஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மிசிசிப்பியில் இறங்கி, 600-க்கும் அதிகமானோரின் வாக்குமூலங்களைப் பதிந்தனர். அதிகாரிகள் உறுதிமொழி ஏற்றுப் பதில் சொல்லவேண்டியதாயிற்று. கேள்வி கேட்டவர்களுக்குப் பின்னால் கறுப்பின மக்கள் அமர்ந்து கேட்டிருந்தனர். என் பார்வையில் இவ்வரலாற்றின் உச்சம் அட்லாண்டிக் சிட்டி அன்று, இந்த வாக்குமூலங்களே. இண்டியனோலாவில் பதிவாளரின் முன் விடை தெரியாமல் நின்றவர்கள், இப்போது அத்தகைய அதிகாரிகளிடமிருந்து விடை வாங்கினர். 621 என்ற எண் எப்படி உருவாயிற்று என்பதன் முழு விளக்கமும் அப்பக்கங்களில் இருக்கிறது.

செப்டம்பர் 17 அன்று சபை மனுவைத் தள்ளுபடி செய்தது: 228-க்கு 143. நவம்பர் பொதுத்தேர்தலில் இம்மூவரும் வேட்பாளர்களே அல்லர், ஆதலால் முறையிடும் தகுதி இல்லை என்பது ஒரு காரணம். ஆகஸ்ட் 6 இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது, இனிக் குறை நீங்கிவிடும் என்பது மற்றொன்று. பெயரைச் சீட்டில் ஏற்றாமல் தடுத்துவிட்டு, சீட்டில் பெயர் இல்லையே என்று கேட்ட இந்நியாயத்தை என்னென்பது! அன்று மூன்று பெண்களும் அவைத் தளத்திலேயே அமர்ந்து விவாதத்தைக் கேட்க அனுமதிக்கப்பட்டனர். வெளியே வந்து ஹேமர் அழுதார்.

வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்றுத் தந்தது இம்மனுவே என்று சிலர் எழுதுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. அவ்வாண்டு மார்ச்சில் செல்மாவில் சிந்திய இரத்தமே அச்சட்டத்தை விரைவுபடுத்தியது. எனினும், சட்டத்தை எதிர்த்தவர்கள் ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்ட வேளையில், ஒரு மாநிலத்தின் தேர்தல் முறை முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய சாட்சியங்கள் சபையின் மேசைமீதே கிடந்தன. சட்டம் வந்தபின் மிசிசிப்பியில் பதிவு பெற்ற கறுப்பின மக்களின் விகிதம் 6.7-லிருந்து 1967 இல் 59.8 ஆக உயர்ந்தது.

ஹேமர் வழக்காடுவதை நிறுத்தவில்லை. 1965 இல் சன்ஃபிளவர் மாவட்டத்தின் பதிவாளருக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், புதிதாகப் பதிவு பெற்றவர்களை விலக்கி நடந்த ஊராட்சித் தேர்தல்கள் செல்லாது என்று நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 1967 இல் மறுதேர்தல் நடந்தது. கறுப்பின வேட்பாளர்கள் தோற்றனர். பண்ணையாரை நம்பிப் பிழைப்போர் பண்ணையாரின் கண்முன் வாக்களிக்கவேண்டியிருக்கும் வரை சட்டம் மட்டும் போதாது என்றுணர்ந்த அவர், 1969 இல் கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். 1971 இல் மாநில செனட்டுக்கு நின்று மீண்டும் தோல்வி கண்டார். 1977 மார்ச் 14 அன்று, 59 வயதில், புற்றுநோயால் இறந்தார். நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் 2025 ஜனவரியில் அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

1986 இல், எல்லை மாற்றி வரையப்பட்ட இரண்டாவது தொகுதி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் முதன்முறையாக மைக் எஸ்பி என்னும் கறுப்பினத்தவரைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பியது. 1987 ஜனவரியில் எஸ்பி பதவிப் பிரமாணம் செய்துகொண்டபோது, அண்டைத் தொகுதியின் உறுப்பினராகவும், நாட்டின் வரவுசெலவை நிர்ணயிக்கும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராகவும் அதே அவையில் ஜேமி விட்டன் வீற்றிருந்தார்.